இடது விலா

2003 மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியில் ஒரு லாட்ஜின் கழிவுத் தொட்டியிலிருந்து, அதைச் சுத்தம் செய்யப் போன இரண்டு பேரைத் தூக்கினார்கள். பிச்சைமணி இறந்திருந்தார். நல்லசிவம் பிழைத்தார். அழுக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போனதில் இடது பக்கம் சீழ் கட்டி, ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு வடித்தார்கள். கூட்டாளியைக் காப்பாற்றக் குதித்தவர் என்று தெருவே அவரைப் புகழ்ந்தது. அவர் மறுக்கவில்லை. பிச்சைமணியின் மனைவி காளியம்மை தினமும் கஞ்சி கொண்டுவந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்று பிளாஸ்டிக் குழல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. வாயில் வைத்து உறிஞ்சினால் பந்துகள் எழும்ப வேண்டும். சொல்லிக்கொடுக்க திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்தாள் பிசியோதெரபிஸ்ட் சுபாஷிணி.

நல்லசிவம் வெடுக்கென்று உறிஞ்சினார். கழுத்து நரம்பு புடைத்தது. தோள்கள் காதுவரை ஏறின. இரண்டு பந்துகள் துள்ளி விழுந்தன.

"பந்து துள்ளினா போறாது சேட்டா. கழுத்தும் தோளும்தான் வேலை செய்யறது. வயிறு உப்பணும், விலா விரியணும். மெள்ள இழுங்கோ."

நாடாவைச் சுற்றி மார்பை அளந்தாள். மூச்சை இழுத்ததற்கும் விட்டதற்கும் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அவருடைய இடது விலாவில் உள்ளங்கையை வைத்து, "என் கையைத் தள்ளுங்கோ" என்றாள்.

மெள்ள இழுத்தார். அதே இடத்தில் ஒரு தோள் வந்து முட்டியது. காதுக்குள் பிச்சைமணியின் குரல் கேட்டது. "மூச்செடுக்காதே, சிவா."

அவள் கையைத் தட்டிவிட்டார்.

"வலிக்கறதா?"

"இல்ல மோளே."

தினமும் அப்படித்தான். வயிறு உப்பத் தொடங்கியதும் அந்தத் தோள் வந்துவிடும். அவர் அதனிடம் ஏதோ முணுமுணுப்பார். "ஆருகூடப் பேசறீங்க?" என்று மனைவி மீனாக்ஷி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். எதிரே சுவர்தான் இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் கஞ்சியோடு வந்த காளியம்மை, "நல்லா இழுங்க அண்ணே. நீங்களாவது ஜீவிக்கணும்" என்றாள்.

நல்லசிவம் கருவியைக் கீழே வைத்தார்.

"குதிச்சது நானில்ல, காளியம்மை. முதல்ல விழுந்தது நான். அவன்தான் எறங்கிவந்து, எனக்க விலாவுல தோளக் கொடுத்து ஏணிக்குத் தள்ளினான். மூச்செடுக்காதே சிவான்னான். அதச் சொல்லணும்னா அவன் அந்த வெஷக்காத்துல மூச்செடுத்திருக்கணுமில்லையா?"



"இத்தன நாளும் எங்கிட்டக் கஞ்சி வாங்கிக் குடிச்சீங்களே."

தூக்குப்பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு வரவில்லை.

அவர் பயிற்சியை விடவில்லை. தோள் முட்டும்போது முன்போல நிறுத்தாமல், அதோடு ஒட்டிக்கொண்டே இழுத்தார். ஆறு வாரம் கழித்து சுபாஷிணி அளந்தபோது மூன்றரை சென்டிமீட்டர் காட்டியது.

"ரெண்டு பக்கமும் விரியறது சேட்டா!" என்று சந்தோஷப்பட்டாள்.

ஓணம் கழிந்த வாரம் காளியம்மை வாசலில் நின்றாள். கையில் ஒன்றுமில்லை. அவர் கூப்பிடுவதற்கு முன்பே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் சரியாக் கேக்கல. அவரு எறங்கினதுலேருந்து சொல்லுங்க. ஒண்ணும் விடாதீங்க."

நல்லசிவம் சொன்னார். இடையிடையே மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தது. அவள் காத்திருந்தாள்.