வெர்னாவின் முட்டி எண்ணெய்

வெர்னா ஹாட்லியும் நானும் கென்டக்கியில் ஒரே டெப்போவில் பள்ளிப் பேருந்து ஓட்டினோம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கண்ணாடியைக்கூட அவள் உரசியதில்லை. முட்டி வலிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

அதற்கு ஹெம்ப் எண்ணெய் நல்லது என்று சொன்னவரே எங்கள் மேலாளர் டெல்பர்ட்தான். பெட்ரோல் பங்கில் பபிள்கம்முக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள்.

“நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விடு. கஞ்சாச் செடியோட வகைதான், ஆனா போதை கிடையாது. சட்டப்படியே விக்கிறாங்க. நானும் ஆறு மாசமா விட்டுக்கிறேன்.”

பாட்டில் லேபிளிலும் ‘போதைச் சத்து இல்லை’ என்றுதான் போட்டிருந்தது. வெர்னாவும் வாங்கி விட்டுக்கொண்டாள். வலி கொஞ்சம் அடங்கியது.

ஓட்டுநர்களுக்கு அவ்வப்போது நடக்கும் போதைச் சோதனைக்கு, செப்டம்பரில் சீட்டுக் குலுக்கியதுபோல் அவள் பெயர் வந்தது. சிறுநீர் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் சோதனை முடிவுகளைப் பார்க்கும் டாக்டர் போன் செய்தார். கஞ்சா பாசிட்டிவ்.

“எண்ணெய் மட்டுந்தான் டாக்டர் எடுத்தேன். சத்தியமா.”

“இருக்கலாம்மா. ஆனா அதைக் காரணமா ஏத்துக்கறதில்ல.”

அன்றே சாவி பறிபோனது. வெர்னா அந்தப் பாட்டிலை ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினாள். லேபிள் பொய், எண்ணெயில் போதைச் சத்து இருந்தது. அறிக்கையை எடுத்துக்கொண்டு டெல்பர்ட்டிடம் போனபோது துணைக்கு நானும் போனேன். அவர் தாளைப் புரட்டக்கூட இல்லை.

“விதின்னா விதி, வெர்னா.”

அவர் மேஜை டிராயர் பாதி திறந்திருந்தது. உள்ளே அதே பச்சை மூடி பாட்டில்.

“உன்னோடத யாரு சோதிப்பாங்க?” என்றாள் வெர்னா.

“நான் பஸ் ஓட்டலையே!” என்று சிரித்தார்.

வேலை திரும்பக் கிடைக்க போதைப் பழக்க ஆலோசகரிடம் போக வேண்டியிருந்தது. “நான் போதைக்காரி இல்ல” என்றாள் வெர்னா. “எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க” என்று அந்த ஆள் எழுதிக்கொண்டார். எட்டு வாரம் வகுப்பில் உட்கார்ந்தாள்.

பிறகு மறுசோதனை. இந்த முறை ஒருத்தி கூடவே கழிப்பறைக்குள் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும். “சட்டையத் தூக்குங்க. பேன்ட்டை இறக்குங்க. ஒரு சுத்து சுத்துங்க.” வேறு யாருடைய சிறுநீரையாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று பார்க்கிறார்களாம். சிறுநீர் கோப்பையில் விழும்வரை அந்தப் பெண் கண்ணை எடுக்கவில்லை.

தேறிவிட்டாள். மறுபடி பேருந்து ஏறினாள். ஆனால் அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் இன்னும் ஆறு தடவை அப்படி நிற்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது தடவை முடித்து வந்து டெப்போ குழாயில் கையை அப்படித் தேய்த்தாள், தோல் சிவந்துவிட்டது.

“இன்னும் மூணுதானே, பல்லைக் கடிச்சுக்க” என்றேன்.

“எனக்கு என் உடம்பே நாறுது, ஜோலீன்.”

சாவியை டெல்பர்ட்டின் மேஜையில் போட்டுவிட்டுப் போனாள். அவர் நீட்டிய கையைப் பார்த்தாள், தொடவில்லை.

இப்போது கால்நடைத் தீவனக் கடையில் கல்லாவில் நிற்கிறாள், முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு. நாய்த் தீவனம் வாங்க டெல்பர்ட் வந்தால், “அந்தப் பக்கம் போ” என்று அடுத்த கல்லாவைக் காட்டுவாள். அங்கே எத்தனை பேர் நின்றாலும் சரி.