ராதையின் கால்

"அண்ணா, நீதான் கட்டணும்" என்று தங்கை செல்லியம்மாள் வெள்ளைத் துணியைக் கிழித்து நீட்டினாள்.

ஜெயவேலு மனைவியின் காலடியில் உட்கார்ந்தான். பச்சையம்மாவின் உயிர் விடியற்காலையில் போய்விட்டிருந்தது. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும். சிறுநீரகம் கெட்டு வீங்கிய கால்கள் பாயில் பக்கத்துக்கொன்றாகச் சரிந்து கிடந்தன. எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கனத்தன.

கண்ணாடியில் சாமி படம் வரைவாள் அவள். பின்பக்கமாகத் தீட்டவேண்டும், கண்ணும் நகையும் முதலில், உடம்பின் நிறம் கடைசியில். பம்மலில் பிரேம் கடை வைத்திருக்கும் ஜாபர் வந்து வாங்கிப் போவார். ஒருமுறை, ஊடலில் முகம் திருப்பிய ராதையின் காலைக் கண்ணன் பிடித்துக்கொண்டிருப்பதாக வரைந்திருந்தாள். பெயிண்ட் காயவில்லை. ஷிப்ட் முடிந்து தோல் கம்பெனியிலிருந்து வந்த ஜெயவேலு பார்த்தான்.

"சாமி போய் பொம்பள கால புடிக்குமா?"

"கோவிச்சுக்கினு கீறா. அவரு சமாதானம் பண்றாரு. அவ்ளோதாங்க."

"அழி."

படம் வாங்க வந்த ஜாபர் நின்றுகொண்டிருக்கும்போதே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். அதற்கப்புறம் வெண்ணெய்க் கண்ணன் மட்டும்தான்.

போன வாரம் அவன் வேலைக்குக் கிளம்பும்போது, "காலை செத்த அமுக்கி வுடறீங்களா?" என்று கேட்டாள். எதற்கும் கேட்கிறவள் இல்லை.

"பஸ் போயிடும். வந்து பாக்கறேன்" என்றான். வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் கேட்கவில்லை. அவனுக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது ஜாபர் அவள்மேல் மாலையைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் குந்தினார்.

"அந்த மாதிரியே ராதை படம் ஒருத்தர் கேட்டாருண்ணா, போன மாசம். வந்து அண்ணிகிட்ட சொன்னேன். எங்க வூட்டுக்காரருக்குப் புடிக்காதுன்னுட்டாங்க." ஏதோ நல்ல விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

 துணி ஜெயவேலுவின் கையிலேயே இருந்தது. கைக் கட்டைவிரல் தானாகப் போய் அவள் கணுக்காலை அமுக்கியது. கொஞ்சம் மேலே. அப்புறம் பாதம். அடுத்த காலையும் எடுத்தான். சுற்றியிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"அண்ணா, ஆளுங்க வந்துகினு கீறாங்க" என்றாள் செல்லியம்மாள் மெதுவாக.

அவன் கட்டினான்.

"லூசா கீதே. இறுக்கிக் கட்டு."

சரி என்று தலையாட்டினான். முடிச்சை இறுக்கவில்லை. கணுக்காலில் அவன் விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது. புடவைத் தலைப்பை இழுத்து அதை மூடினான்.