சேராக் கூரை

கடாரத்து வானில் பிற்பகல் முகில்கள் திரண்டு, செராய் மலையின் முடியை மறைத்து, மெர்போக் ஆற்றங்கரைச் சதுப்புகளின்மேல் நிழல் பரப்பி, செமிலிங்கைக் கடந்து சுங்கைப்பட்டாணி நகரை நெருங்கிக்கொண்டிருந்த வேளை அது. பாக்கார் ஆராங் குடியிருப்பில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளின் ஓடுகள் மங்கலொளியில் சிவந்து கிடந்தன; வேலை முடிந்து திரும்பும் ஊர்திகள் தெருமுனையில் ஊர்ந்தன; கொடியில் காய்ந்த துணிகளைப் பெண்கள் அள்ளிக்கொண்டு உள்ளே விரைந்தனர். அத்தெருவின் கோடியில், பக்கவாட்டில் சிறிது நிலம் மிஞ்சிய மூலை வீட்டில், கட்டட வரைவாளன் சத்தியசீலன் தன் தந்தைக்கென எழுப்பவிருந்த அறைக்குக் கூரை வரைந்துகொண்டிருந்தான்.

அவன் கைத்திறனை எவரும் குறை சொல்ல இயலாது. பழைய கூரையின் சாய்வை அளந்து, அதே சாய்வில் புதுக்கூரையை எழுப்பி, இரண்டும் சந்திக்கும் பள்ளத்தில் வளைந்த தகடு பதித்து, அதன் விளிம்பைப் பழைய ஓடுகளுக்கடியில் செருகி, ஒரு துளி நீரும் உள்ளே கசியாமல் வழிந்தோடும்படி அவன் தீட்டிய முதல் வரைவைக் கண்டிருந்தால், அறிவுடையீர், வீடும் அறையும் ஒரே நாளில் பிறந்தவை என்றே நீவிர் எண்ணியிருப்பீர். பாடாங் மேஹா தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவியே வாழ்நாளைத் தேய்த்து, இப்போது நெஞ்சு நைந்து மூச்சுக்குத் தவிக்கும் பக்கிரிசாமி, தம் ஒரே மகன் வரைந்த அத்தாளைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார்.

"மழையில நனையாம உள்ள வந்து பேத்தியப் பாத்துட்டுப் போலாம்லா?" என்றார்.

"தாராளமாப்பா," என்றான் மகன். அச்சொல்லை அவன் அப்போது மனமாரவே சொன்னான்.

பேத்தி ரூபினிக்கு ஆவணியில் திருமணம் உறுதியாகியிருந்தது. மருத்துவரோ கிழவர் ஆவணியைக் காண்பது அரிது என்று கைவிரித்துவிட்டார். சத்தியசீலனின் மனைவி பிரேமாவதியும் தோட்டத்தில் பிறந்தவளே. நீண்ட ஒற்றைக் கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்ந்த லயத்தில், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கடைசி வீடுவரை அடுப்பெரியாமல் கிடந்ததைச் சிறுமியாய்க் கண்டு வளர்ந்தவள். கூரை தொடுமிடமெல்லாம் தீட்டும் தொடரும் என்னும் எண்ணம் அன்றே அவள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. குருதியில் வரும் உறவைக் கூரையைப் பிரித்து அறுத்துவிடலாம் என்று நம்பும் பேதைமை, ஒற்றைக் கூரையடியில் வாழ்ந்தவர்க்கன்றி வேறெவர்க்கு வாய்க்கும்?

"கல்யாணத்துக்கு முன்னாடி மாமாவுக்கு ஒன்னு ஆயிட்டா என்னங்க செய்வீங்க?" என்று கேட்டாள் அவள். "ஒரே கூரைன்னா ஒரே தீட்டு. ரெண்டும் தொடாம வரைங்க. கல்யாணம் முடிஞ்சதும் சேத்துக்கலாம்லா."

சத்தியசீலன் சினந்தானா என்றால், இல்லை. அழிப்பானை எடுத்துத் தன் அழகிய பள்ளத்தை அழித்தான். இரு கூரைகளுக்கும் நடுவே ஒரு முழம் வெட்டவெளி விட்டுப் புதிதாய் வரைந்தான். மனைவியை மட்டும் பழிப்பது எளிது. எழுதுகோலைப் பிடித்த கை அவனுடையது.

அறை முடிந்து கிழவரைக் கிடத்திய அன்றே மழை பிடித்துக்கொண்டது. இடைவெளியில் கொட்டிய நீர் வாயிற்படியில் தெறித்து, அவர் போர்வையின் ஓரத்தை நனைத்தது. அவர் தலையுயர்த்தி, இரு விளிம்புகளுக்கிடையே தெரிந்த சாம்பல் நிற வானத்தை நெடுநேரம் நோக்கினார்.

"சீலா, இந்தச் சந்து மழைக்கு விட்டதா, சாவுக்கு விட்டதா?"

"காத்தோட்டத்துக்குப்பா."

"நானும் லயத்துல இருந்தவன்தான்யா," என்று சொல்லிக் கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பின் அவர் சாகவில்லை. வன்மம் மருந்தினும் வலிது போலும். சோறு கேட்டு உண்டார், எழுந்தமர்ந்தார். திருமண அழைப்புக்கு உறவினர் கூடியிருந்த நாளில், எல்லோர் காதிலும் விழும்படி மருமகளை அழைத்தார்.

"ஊட்டு ஆளுக்குப் பத்திரிகை வெக்கமாட்டாங்க. நான் பக்கத்து ஊட்டுக்காரன். எனக்கு மொறையா தட்டு வெச்சுக் கூப்பிடும்மா."

பிரேமாவதி வெற்றிலை பாக்குத் தட்டுடன் அந்த ஒரு முழ வெட்டவெளியைத் தாண்டிப் போக, சத்தியசீலன் தலைகுனிந்து பின்தொடர்ந்தான். ஏதுமறியாத ரூபினி மட்டும் காலில் விழுந்தாள். அவளை அவர் உள்ளன்போடு வாழ்த்தினார். திருமணத்தன்று மண்டபத்திலும் அயலார் வரிசையிலேயே அமர்ந்து உண்டார்.

மணமக்கள் புறப்பட்ட மறுவாரமே சத்தியசீலன் ஆளழைத்து, தன் முதல் வரைவின்படியே கூரைகளைச் சேர்த்தான். நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியவனாய்த் தந்தையின் கட்டிலருகே போய் நின்றான்.

"சேத்துட்டேன்பா. இனிமே ஒரு சொட்டு விழாது."

"இப்ப நான் செத்தா யாருக்கும் கெடுதல் இல்ல. அதான் சேத்திருக்க," என்றார் பக்கிரிசாமி. "இந்தக் கூரைக்குக் கீழ நான் சாகமாட்டேன். செமிலிங்லேர்ந்து தம்பி மவன் புவனேசன் வரான், அவன்கூடப் போறேன். கொள்ளியும் அவன்தான் வெப்பான்."

சத்தியசீலன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். கெஞ்சினான். மூச்சிரைக்க ஊர்தியில் ஏறிய கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை.

செமிலிங்கில் அவர் அதிக நாள் இருக்கவில்லை. சுடலையில் புவனேசன் தலை மழித்து நீர்க்குடம் சுமந்து முன்னே நிற்க, சத்தியசீலன் சீவிய முடியோடு கூட்டத்தின் பின்னே நின்றான். வாய்க்கரிசியிட உறவினரை அழைத்தபோது, அவனும் ஒரு பிடி அரிசியுடன் நெருங்கினான். புவனேசன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பெரியப்பா வேணாம்னு சொல்லிட்டாருண்ணே. மன்னிச்சுக்குங்க."

சத்தியசீலன் பிடியை விரிக்காமலே விலகினான்; அரிசி உள்ளங்கையில் ஈரமாகி ஒட்டியிருந்தது.

துக்கம் கேட்க வந்தோர் அனைவரும் செமிலிங்குக்கே சென்றனர். பாக்கார் ஆராங்கின் மூலை வீட்டு வாயிலில் ஒரு செருப்பும் கழற்றப்படவில்லை. மாரடித்தழுத குரல் ஒன்றும் எழவில்லை. மாலையில் பிரேமாவதி வழக்கம்போல் அடுப்பைப் பற்றவைத்து, வழக்கம்போல் சோறிட்டாள். தந்தையின் சாவு தன் வீட்டைத் தீண்டலாகாதென்று வேண்டியவனுக்கு அவ்வேண்டுதல் குறைவற நிறைவேறிற்று. எவருடைய மகனுமல்லாத ஒருவனாய் அவன் தட்டின்முன் அமர்ந்தான், பசித்தது, உண்டான்.