கதவோரச் சுவிட்ச்

எங்கள் குளியலறைக் கதவு உள்ளே நீலம், வெளியே பழைய பச்சை. பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தது நான், பாதியில் விட்டதும் நான். பால்கனியில் மூன்று காலோடு நிற்கும் மேஜையும் என் கைவண்ணம்தான். என் மனைவி இதற்கெல்லாம் சண்டை போடுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவாள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளிடம் போய் நான் வாயைக் கொடுத்தேன். பதினோரு வருடம் யாரோ ஒருவருடைய கடையில் தைத்துக் கொடுத்தவள், இப்போது சொந்தமாகத் தையல் கடை திறக்கிறாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு திரை வைத்து, இதுவரை அவள் தைத்ததில் பிடித்த நாற்பது உடைகளின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட வேண்டும் என்பது அவள் ஆசை. திரை வந்துவிட்டது. அதை ஓட்டும் கம்ப்யூட்டர் அடுத்த வாரம்தான் வரும் என்று விற்றவர் கையை விரித்துவிட்டார்.

"அதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்? சீட்டுக்கட்டு அளவுல ஒரு போர்டு இருக்கு. அதுல லினக்ஸ்னு இலவசமா கிடைக்கற சிஸ்டத்தப் போட்டு நானே ஓட்டிக் காட்டறேன்" என்றேன்.

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி மடித்தபடி, "மேஜை மாதிரியா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். பத்து பேரைச் சுமந்துகொண்டு ஒன்பதாவது மாடிக்குப் போகிற பெட்டியையே மேய்க்கிறவனுக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சை அட்டை எம்மாத்திரம்? வியாழனும் வெள்ளியும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை போர்டை வாங்கி வந்து, வீட்டிலிருந்த தையல் அறையில் உட்கார்ந்தேன். மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன் போனில் சொல்லச் சொல்ல, லினக்ஸை இறக்கி, நகம் அளவு மெமரி கார்டில் எழுதி, கார்டைப் போர்டில் செருகினேன். திரையின் வயரைத் தையல் மெஷின் பக்கத்துப் பிளக்கில் கொடுத்தேன். போர்டுக்கு மிச்சமிருந்தது கதவோரப் பிளக் ஒன்றுதான். சுவிட்சைத் தட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை விளக்கு கண் சிமிட்டியது, திரையில் வெள்ளை எழுத்துகள் சடசடவென்று ஓடின. பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மொழி கேட்டது, பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு பணிவாகக் கேட்டிருக்கமாட்டார்கள். கடைசியில், புதிய மாற்றங்களை எல்லாம் இறக்கிக்கொள்கிறேன், முக்கால் மணி நேரம் ஆகும் என்றது.

"மாமா, அது நடக்கும்போது மட்டும் கரண்ட் போகக்கூடாது. போச்சுன்னா கார்டுல எழுதினது குழம்பிடும், மறுபடி முதல்லேருந்துதான்" என்றான் மச்சினன்.

அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் திரையில் 'சிக்னல் இல்லை'. போர்டில் விளக்கு இல்லை. கதவோரச் சுவிட்ச் அணைந்திருந்தது. தட்டிப் பார்த்தேன். எழுத்துகள் பத்து வரி ஓடி, ஏதோ கோப்பு கெட்டுவிட்டது என்று புலம்பி நின்றுவிட்டன.

வீட்டில் இருந்தது நான், என் மனைவி, திறப்புக்காக வந்திருந்த மாமியார். மாமியாரைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினேன். ஓடுகிற இயந்திரத்தின் சுவிட்சில் கை வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று விளக்கினேன். எங்கள் தொழிலில் மெயினை அணைக்காமல் யாரும் முதுகைத் திருப்பக்கூடாது, மற்றவர் வேலை நடக்கும்போது யாரும் சுவிட்சைத் தொடவும் கூடாது, இதில் தவறினால் உயிர் போகும் என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டு, தான் அந்த அறைப் பக்கமே வரவில்லை என்று மட்டும் சொன்னார். நான் நம்பவில்லை. சுவிட்சுக்கு மேலே 'யாரும் தொடக்கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்.

மதியம் மறுபடி எழுதி, மறுபடி செருகி, மறுபடி எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னேன். முக்கால்வாசி முடிந்தபோது வாசலில் கூரியர்காரர் கூப்பிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் மறுபடியும் 'சிக்னல் இல்லை'. மாமியார் அப்போது கடைத்தெருவில் இருந்தார். எனவே குற்றவாளி மனைவிதான் என்று முடிவு கட்டினேன். என் மூளை அவ்வளவு வேகம். அவள் கூடத்தில் உட்கார்ந்து கடைக்குத் திரைச்சீலை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன்.

அவள் கத்தவில்லை. ஊசியைத் துணியில் குத்திவைத்தாள்.

"பதினோரு வருஷமா அடுத்தவங்க பேர் போட்ட கடையில உக்காந்து தச்சேன். நான் தச்ச துணிய என் கண்ணு முன்னாடியே யாரோ வாங்கிட்டுப் போவாங்க, யாரு தச்சதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இந்தத் திரையில ஓடப் போறது அந்த நாப்பதும்தான். எனக்கு அது வேணும். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாக்கறேன். முடியலைன்னா சொல்லிடுங்க, நாலு போட்டோவ அட்டையில ஒட்டி மாட்டிக்கறேன்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நீலக் கதவையும் மூன்று கால் மேஜையையும் அவள் பொறுத்துக்கொண்டாள், இதை மட்டும் நான் பாதியில் விடக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலை புதுக் கார்டு வாங்கி வந்தேன். இந்த முறை பக்காவாக ஏற்பாடு. மாமியாரிடம் போய், நேற்றுப் பேசியதற்கு மன்னிப்பு மாதிரி ஒன்றைக் கேட்டு, காவலுக்கு உட்காரச் சொன்னேன். சுவிட்சுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டேன்.

"அத்தை, நீங்க எதையும் தொட வேண்டாம், எதுவும் பேச வேண்டாம். நான் கேக்கற வரைக்கும் வாயத் திறக்காம பாத்துக்கிட்டு மட்டும் இருங்க. போதும்."

அவர் தலையாட்டிவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் போர்டை உயிர்ப்பித்தேன். எழுத்துகள் ஓடின, கேள்விகள் வந்தன, பதில்கள் போயின, மாற்றங்கள் இறங்கத் தொடங்கின. பதினைந்து சதவீதம், முப்பது, ஐம்பது. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எண்பதைத் தாண்டியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்று எழுந்து போனேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

திரும்பியபோது 'சிக்னல் இல்லை'. மாமியார் அதே இடத்தில், அதே சம்மணத்தில் இருந்தார். முகத்தில் மட்டும் நேற்று இல்லாத ஒரு தெளிவு.

"அத்தை, யாரு உள்ள வந்தது?"

"யாரும் வரல, மாப்பிள்ளை."

"அப்ப சுவிட்ச் எப்படி அணைஞ்சது?"

"இப்ப கேக்கறீங்களா?"

"கேக்கறேன்."

"வெளிய போனவர்தான் அணைச்சாரு. கட்டம் போட்ட சட்டை. லிஃப்ட் வேலை பாக்கறவர்."

நான் குனிந்து பார்த்தேன். கட்டம் போட்ட சட்டைதான்.

நம்பாமல் கதவுவரை நடந்து பார்த்தேன். வாசல்படியில் கால் வைத்ததும் என் வலது கை, என்னைக் கேட்காமல், எழுந்து சுவிட்சுக்குப் போய்விட்டது. நான் ஒட்டிய சிவப்பு எழுத்துக் காகிதத்தின் மூலையே அந்தக் கை பட்டுப் பட்டுக் கசங்கியிருந்தது. இருபத்திரண்டு வருடம் மெயினை அணைத்துவிட்டுத்தான் முதுகைத் திருப்பியிருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்தால் காவலுக்கு யாரை வைத்து என்ன பயன்?

மாமியார் போய் மகளிடம் சொல்ல, கூடத்தில் இருவரும் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் கட்டைவிரலால் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியிடம் போய் நின்று, நேற்று உன்னைச் சந்தேகப்பட்டது என் புத்திகெட்டதனம் என்றேன். பக்கத்திலிருந்த மாமியாரிடமும் இந்த முறை முழு மன்னிப்பாகவே கேட்டேன். மனைவி எழுந்து தையல் அறைக்குப் போனாள். சுவிட்சை டேப்பால் அளந்தாள். மீந்த திரைச்சீலைத் துணியில் ஒரு துண்டு வெட்டி, பத்து நிமிடத்தில் சின்ன உறை ஒன்று தைத்தாள். ஓரத்தில் இரண்டு கொக்கி, ரவிக்கைக்கு வைப்பது போலவே. அதைச் சுவிட்சின் மேல் மாட்டி, கொக்கிகளைப் போட்டு, "இப்ப எழுந்து போங்க, பாக்கலாம்" என்றாள்.

போனேன். கை உயர்ந்தது, துணியைத் தடவியது, ஏமாந்து திரும்பியது. கார்டை மறுபடி முதலிலிருந்து எழுதினேன். வெள்ளி மாலை ஐந்தரைக்கு நாற்பது படங்களும் ஓடின.

சனிக்கிழமை போர்டு கடைக்குக் குடிபோனது. உறையும் கூடவே போய், கடைக் கதவோரச் சுவிட்சில் ஏறிக்கொண்டது. பத்து மணிக்குத் திறந்ததிலிருந்து கூட்டம். கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெண் நின்று, திரையில் வந்த பச்சை உடையைக் காட்டி, இது என்னுடையது, இதைத் தைத்தது நீங்களா என்று உள்ளே ஓடி வந்தாள். என் மனைவி ஆமாம் என்றாள், தெருவுக்கே கேட்கிற குரலில்.

சாயங்காலம் கடையைச் சாத்தும்போது, திரை மட்டும் ஓடட்டும், தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவள் அம்மாவோடு தெருவில் இறங்கி நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்கச் சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டி மேஜைமேல் இருந்தது.

"இஸ்திரிப் பெட்டிய அணைச்சாச்சான்னு பாத்தியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் பாக்கணும்?" என்றாள், நடந்தபடியே. "கல்யாணம் ஆன நாளா ஒரு தடவகூட நான் திரும்பிப் பாத்ததில்ல. கடைசியா வெளிய வர்றது நீங்கதானே."

நான் உள்ளே போனேன். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். மெஷின், விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். கதவோரம் வந்தபோது, உறையில் ஒரு கொக்கியை என் விரல் ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தது. அதைத் திரும்ப மாட்டினேன். பிறகு போய் இஸ்திரிப் பெட்டியை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.