மணிக்கு எழுபது

கடலைப் பார்த்தபடி நின்ற அந்த ஓட்டலில் நாற்பத்திரண்டு அறைகள். அவற்றைச் சுத்தம் செய்பவர்களில் அண்ணியும் நாத்தனாரும் ஒரு ஜோடி. வீட்டில் இருவருக்கும் ஆயிரம் உரசல் உண்டு. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று விரிப்பை உதறினால் மட்டும் ஒரு சுருக்கம் விழாது. மணிக்கு எண்பது கூலி. அட்டையை இயந்திரத்தில் தேய்த்த நொடியில் கணக்கு தொடங்கும், மறுபடி தேய்த்தால் நிற்கும்.

அந்தக் கணக்குக்குக் காவல், சூப்பர்வைசர். அவருக்கு இவர்கள் வைத்த பெயர் நிமிஷம். ஏழு நிமிடம் தாமதமானால் கால் மணி நேரக் கூலியை வெட்டிவிடுவார்.

சீசன் உச்சத்தில் ஒரு சனிக்கிழமை, மூன்று சுற்றுலாப் பேருந்துகள் வருவதாக இருந்தது. இரண்டு மணிக்குள் இருபத்தாறு அறைகள் தயாராக வேண்டும். அன்று பார்த்து நாலு பேர் வரவில்லை. எதிரே திறந்த புது ஓட்டலில் மணிக்கு ஐந்து கூடுதலாம். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். நிமிஷம் மாடிக்கும் கீழுக்குமாக அல்லாடினார். கடைசியில் டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு இவர்கள் இருந்த அறைக்குள் வந்தார்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லும்மா."

அண்ணி ஒரு பெரிய போர்வை உறையை நீட்டினாள். "இதுக்குள்ள போர்வைய நுழைக்கணும் சார். நாலு மூலையும் சரியா நிக்கணும்."

நிமிஷம் போர்வையோடு தானும் உறைக்குள் நுழைந்துவிட்டார். வெள்ளை மூட்டை ஒன்று அறையைச் சுற்றி வந்து அலமாரியில் முட்டியது.

"ஏம்மா, வாசல் எந்தப் பக்கம்?" என்றது மூட்டை.

"நுழைஞ்ச பக்கம்தான் சார்."

நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குளியலறைக்குள் ஓடித் துண்டை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பத்தாவது அறைக்கு வந்தபோது நிமிஷத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்தார். "இந்த வேலைக்கு எண்பது கம்மிதாம்மா" என்றார்.

"உங்களுக்கு எவ்வளவு சார்?" என்று நாத்தனார் கேட்டாள்.

"எனக்கு மாசச் சம்பளம். இருபத்தொம்பதாயிரத்து நானூறு." சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது.

மனக்கணக்கு அண்ணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. "காலைல எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"ஆறு."

"போறது?"

"எட்டாயிடும்."

"லீவு?"

"சீசன்ல ஏதும்மா லீவு? முப்பது நாளும்தான்."

தலையணையைத் தட்டிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது. "எழுபது சார்."

"என்ன எழுபது?"

"மணிக்கு. எங்களவிடப் பத்து கம்மி."

நிமிஷம் மேசைமேல் இருந்த குறிப்புத்தாளை எடுத்துத் தானே வகுத்துப் பார்த்தார். எழுபது. தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி வகுத்தார். அப்போதும் எழுபதுதான். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று நாத்தனார் குனிந்து பார்த்தாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷமா, எழுபதுக்கு நின்னுக்கிட்டு, எண்பத வெட்டிட்டு இருந்திருக்கேன்" என்று விக்கி விக்கிச் சொன்னார். அண்ணியும் நாத்தனாரும் சரிந்து உட்கார்ந்தார்கள். பெட்டியோடு எட்டிப் பார்த்த முதல் விருந்தாளிகள், தரையில் மூன்று பேர் கண்ணீர் வழியச் சிரிப்பதைக் கண்டு, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை நிமிஷம் முதலாளியம்மாவின் மேசைமேல் டையை வைத்தார். "எனக்கு ரூம் கிளீன் பண்ற வேலை குடுங்க மேடம். மணிக்கூலிக்கு."

முதலாளியம்மா விளையாட்டென்று நினைத்தார். விளையாட்டில்லை என்றதும் சூப்பர்வைசர் வேலைக்கு அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி சம்பளத்தைக் கேட்கவே இல்லை, எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்டாள். எதிர் ஓட்டல் வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா பெருமூச்சு விட்டு, அண்ணிக்கு எட்டு மணி நேரம், மணிக்கு நூறு என்றும், மற்ற எல்லோருக்கும் தொண்ணூறு என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று நாலு மணிக்கு நிமிஷம் அட்டையைத் தேய்த்துவிட்டு வெளியே வந்தார். வெயில் இன்னும் இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, மனைவிக்குப் போன் போட்டார்.

"வேலை முடிஞ்சுது. இல்லம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்ல. சண்டையும் இல்ல. நீ பசங்களக் கூட்டிக்கிட்டுக் கடலுக்கு வா. ஆமா, இப்பவேதான்."