இருபதாம் கட்டம்

மஞ்சுளாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு நல்ல செய்தியால்தான். வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள் லீவில் மகளை அழைத்துவரப் போனவளை, மண்ணூர் அங்கன்வாடி டீச்சர் வாசலிலேயே நிறுத்தினாள்.

"உங்க எழிலரசி நல்லா எண்ணுதும்மா. ஏழு பாசிமணி வச்சிட்டு இன்னும் மூணு குடுத்தா, எட்டு, ஒம்பது, பத்துனு மேல போவுது. மத்த புள்ளைங்க திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்குதுங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

பெற்றவள் வாயைத் திறப்பதற்குள் நாலரை வயது மகள் முந்திக்கொண்டாள். "ரத்னா பெரியம்மா!"

ரத்னா அதே லைன் வீட்டில் அடுத்த போர்ஷன்காரி. வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். மஞ்சுளா விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விடுவாள். கணவன் வசந்தகுமாருக்கு ஒரகடத்தில் வேலை, வர இருட்டிவிடும். அங்கன்வாடி விட்டதிலிருந்து பஸ் திரும்பும் நாலு மணி வரை குழந்தை ரத்னாவிடம்தான். கொடுத்துவைத்த ஏற்பாடு என்று இதே மஞ்சுளாதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். இப்போது அதே ஏற்பாடு தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. பத்து மாதம் சுமந்தவள் ஒருத்தி, டீச்சர் வாயால் பேர் வாங்குகிறவள் இன்னொருத்தியா?

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அன்று சாயங்காலமே ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போய்ப் பளபளவென்று ஒரு பாம்பு ஏணி அட்டை வாங்கி வந்தாள். நூறு கட்டம், பல்லைக் காட்டும் பாம்புகள், கலர் கலராகக் காய்கள். ரத்னாவிடம் இப்படி ஒன்று இருக்கவே இருக்காது என்பதில் அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கம்பெனியில் மஞ்சுளாவின் வேலை டிரேயில் கிளிப் அடுக்குவது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு, டிரே நகர்ந்ததும் மறுபடி ஒன்று. ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்று சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஆட்டத்திலும் வாய் அப்படியே வந்தது. ஐந்தாம் கட்டத்தில் நின்ற காயை எடுத்து, மூன்று விழுந்ததும், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்தினாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்டி இல்லம்மா. நீ அஞ்சுல நிக்கிற. ஆறு, ஏழு, எட்டுனு போவணும். உனக்கு விளையாடவே தெரியல. பெரியம்மாவுக்குத்தான் தெரியும்."

அட்டையை மூடிப் பீரோ மேல் போட்டாள் மஞ்சுளா. பெற்ற பிள்ளையிடம் கோபித்துக்கொண்டு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. நாலரை வயசுக் குழந்தையிடம் கோபம்! வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது.

மறுநாள் பஸ் கால் மணி முன்னதாகவே வந்துவிட்டது. மஞ்சுளா நேராக ரத்னாவின் போர்ஷனுக்குப் போனாள். தையல் மிஷின் பக்கத்தில் இரண்டு தலைகளும் தரையில் குனிந்திருந்தன. மற்ற நாளாயிருந்தால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் மகள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "இரும்மா. இன்னும் நாலுதான்."

கீழே விரித்திருந்தது ஒரு பழைய அட்டைப்பெட்டியின் நீள மடிப்பு. பேனாவால் வரிசையாக இருபது கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு எண். காய்க்கு ஒரு நீலப் பட்டன், பகடைக்கு ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த மூன்று புளியங்கொட்டைகள். பட்டன் பதினாறில் நின்றது. இருபதாம் கட்டத்தில் ஒரு பெண் படம். தலைமேல் உருண்டையாகக் கொண்டை.

ரத்னாவுக்கு எப்போதும் கொண்டைதான். மஞ்சுளாவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஜெயித்தால் போய்ச் சேருகிற இடத்தில் இவள் உட்கார்ந்துகொண்டாளா!

"இன்னாக்கா இது? உன் படத்த நீயே வரைஞ்சிகினு, எம்பொண்ண உன்கிட்ட வரச் சொல்றியா? தெனமும் இதான் நடக்குதா இங்க?"

"இன்னாடி மஞ்சு ஒளர்ற..." என்று ரத்னா எழுவதற்குள் அட்டையின் கடைசிக் கட்டம் மஞ்சுளா கையில் கிழிந்து வந்தது.

எழிலரசி வீறிட்டாள். "அம்மாவ கிழிச்சிட்ட! எங்கம்மாவ கிழிச்சிட்ட!"

மஞ்சுளாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தை அந்தத் துண்டைப் பிடுங்கி, விம்மிக்கொண்டே விரலால் காட்டினாள். "இது தொப்பி. போன்ல காட்டினியே, அந்தக் கம்பெனித் தொப்பி."

"கொண்டை இல்லடி அது," என்றாள் ரத்னா. "தொப்பி போட்டாத்தான் எங்கம்மானு இவதான் அடம் புடிச்சா. இங்க வந்து உக்காந்தா, அம்மா எப்ப வரும், அம்மா எப்ப வரும்னு ஒரே அழுகை. நான் இன்னா பண்ணட்டும்? இந்தப் பட்டன்தான் உன் பஸ்ஸு. ஒவ்வொரு கட்டமும் ஒரு ஸ்டாப்பிங்கு. கடைசில நீ எறங்கற. அப்டி எண்ணித்தான் புள்ள கத்துக்கிச்சு. நான் ஒண்ணும் பாடம் எடுக்கல."

கம்பெனியில் தினமும் முடியை மூடிப் போடுகிற உப்பலான தொப்பி. அதுவே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மஞ்சுளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்ற எரிச்சல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. "ஊசி குடுக்கா," என்று மட்டும் சொன்னாள்.

ரத்னா நூல் கோத்துக் கொடுத்தாள். மஞ்சுளா கிழிந்த கட்டத்தை அட்டையோடு சேர்த்துத் தைத்தாள். கோணலாகத்தான் வந்தது.

எழிலரசி மூக்கைத் துடைத்துக்கொண்டு பட்டனைப் பதினாறிலேயே வைத்தாள். "நீ போடும்மா."

மூன்று கொட்டையும் வெள்ளையாக விழுந்தன. மஞ்சுளா பட்டனை எடுத்தாள். ஒண்ணு என்று உதடு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மெல்லச் சொன்னாள்: "பதினேழு. பதினெட்டு. பத்தொம்பது."

மகள் கைதட்டினாள். பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருந்ததை மறந்து, பழகிய வாயால் ரத்னாவைப் பார்த்துச் சொன்னாள்:

"பெரியம்மா, இன்னும் ஒண்ணுதான். எங்கம்மா வந்துடும்."