ஆறாவது ஞாயிறு பிங்கோ

எங்கள் ஊர் மன்றத்தில் பிங்கோ ஆட்டத்துக்குப் பந்தெடுத்துச் சொல்லும் எண்களை ஐரிஷில்தான் கூப்பிட வேண்டும் என்று இரண்டு குளிர்காலமாகத் தொண்டை வறளக் கத்தியவள் நான். வீட்டிலும் கடையிலும் பாவசங்கீர்த்தனத்திலும் ஐரிஷ் பேசுகிற சனம், எண் என்று வந்தால் மட்டும் இங்கிலீஷுக்குத் தாவிவிடும். எரிச்சல் வராதா? ஆறு ஞாயிறு நடத்திப் பார்க்கலாம், பிறகு கமிட்டியில் ஓட்டெடுப்பு என்று தலைவர் மார்ட்டீன் ஒருவழியாக இறங்கி வந்தார். இன்று ஆறாவது ஞாயிறு.

"எழுபத்து நாலு," என்றேன் மேடையிலிருந்து.

"அது எது டீச்சர்? மூணு இருபதும் பதினாலுமா?" முன்வரிசையில் பாபீன் கிழவி.

"அதேதான்."

"அப்ப அப்படியே சொல்லித் தொலையேன். பள்ளிக்கூடத்து எண்ண இங்க எதுக்கு இழுத்துட்டு வர்ற?"

"இருபது இருபதா எண்ணினா சின்னவங்களுக்குப் புரியாது."

"இப்ப மட்டும் புரியுதாக்கும்," என்றான் படகுக்காரன் டாரா, கடைசி வரிசையிலிருந்து. "செவன்டி ஃபோர்னு ஒரு வார்த்தை சொல்லு. ஊரே மூச்சு விடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பந்தை எடுத்தேன். நல்லவேளையாக அடுத்த ஆட்டத்தில் பாபீனுக்கே ஒரு வரிசை விழுந்தது. பரிசாகக் கிடைத்த பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாயை மூடினாள். மூன்று ஆட்டம் முணுமுணுப்பே இல்லாமல் ஓடியது. ஓட்டு நம் பக்கம்தான் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

அப்போதுதான் மேடை சன்னல் வழியே பார்த்தேன். வெளியே நின்ற ஒரு சிவப்புக் கார் ஆளில்லாமல் படகுத்துறைப் பக்கம் உருண்டுகொண்டிருந்தது. கண்ணில் பட்டது நம்பர் பலகைதான். மைக்கில் கத்தினேன்.

"ஸீரோ ஃபைவ், ஜி, டூ த்ரீ செவன் ஃபோர்!"

அது டாராவின் கார். நான் முடிப்பதற்குள் அவன் வாசலைத் தாண்டியிருந்தான். கடலுக்கு நாலடி இருக்கும்போது ஏறி பிரேக்கை இழுத்து நிறுத்தினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்து மேடை முன்னால் நின்றான்.

"புரிஞ்சுது டீச்சர். ஒரே தடவையில."

மன்றமே சிரித்தது. எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. இரண்டு வருட உழைப்பை ஒரே மூச்சில் நானே கெடுத்துக்கொண்டேன்.

தேநீருக்குப் பிறகு கமிட்டிக்காரர்கள் பன்னிரண்டு பேரும் மேடையில் வரிசையாக உட்கார்ந்தோம். "இங்கிலீஷுக்கே போயிரலாம்ங்கிறவங்க கை தூக்குங்க," என்றார் மார்ட்டீன். பிறகு விரலை நீட்டி எண்ணினார், சுத்தமான ஐரிஷில். "ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர்..." ஆட்டை எண்ணுகிற சொற்கள் அல்ல, மனிதரை எண்ணுகிற சொற்கள். ஓரிடத்திலும் நாக்கு இடறவில்லை. கீழே பாபீனின் உதடுகளும் கூடவே அசைந்தன. "பதின்மர்," என்று முடித்தார்.

"சரியா இருக்கு," என்றது கூட்டம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஐரிஷ்ல எண்ணு சொன்னா உங்களுக்கு விளங்காதே. இது மட்டும் எப்படி விளங்குச்சு?"

பாபீன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போடி, இது எண்ணா? இது ஆளுங்க."